லீ சுற்றும் முன்பே முடியும் சோதனை

ஒரு முழுமைத்தொகுதியின் சராசரி பற்றிச் சொல்லப்படும் கூற்றை ஒரே ஒரு மாதிரியைக் கொண்டு சோதிக்கும் முறையே புள்ளியியல் பாடத்தில் பெரும்பாலும் மாணவர் சந்திக்கும் முதல் சோதனை. அதனாலேயே அது மிக எளிய சோதனை என்றும், சூத்திரத்தில் எண்களை இட்டு வந்த விடையை அட்டவணை எண்ணோடு ஒப்பிட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றும், விடைத்தாளின் தலைப்பில் எழுதப்படும் இரண்டு எடுகோள்களும் மிகைகாண் நிலையும் வெறும் சடங்குகள் என்றும் ஒரு கருத்து வகுப்பறையிலும் ஆலைகளின் தர ஆய்வகங்களிலும் ஆய்வேடுகளிலும் வேரூன்றியிருக்கிறது. மென்பொருள் நொடியில் விடை தரத் தொடங்கிய பிறகு இக்கருத்து தளரவில்லை, இறுகியிருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. எந்தத் தொகுதியைப் பற்றிய கேள்வி, அதை யார் கேட்கிறார், எந்தத் திசையில் ஏற்படும் விலகல் அவரைப் பாதிக்கும், எவ்வளவு விலகினால் அவர் ஏதேனும் செய்வார், அதைக் கண்டறிய எத்தனை அளவீடுகள் எங்கிருந்து எடுக்கப்பட வேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பதே சோதனை. பின்னால் வரும் கணக்கு எழுத்தர் வேலை.

இதை நிறுவுவதற்குக் கோவை வட்டாரத்தை விடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பெருகிய பஞ்சாலைகளின் நாடு இது. அந்த ஆலைகளுக்குப் பொதுவான ஆய்வு நிறுவனமாகத் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், அதாவது சிட்ரா, 1956இல் இங்கே தோன்றியது. மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையத்தில், தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் கல்வி நிலையங்களும், 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற பெயரில் நிறுவப்பட்டு நூற்பு இயந்திரங்களைச் செய்துவரும் நிறுவனமும் ஒரே ஊரில் இருக்கின்றன. இயந்திர நிறுவனத்தின் அஞ்சல் முகவரியே வித்யாலயத்தின் பெயரைத் தாங்கிய அஞ்சலகத்தைச் சேர்ந்தது. "ஓர் ஆலை தன் நூலின் சராசரி கவுண்ட் 40 என்கிறது, 5 விழுக்காட்டு மிகைகாண் நிலையில் சோதிக்க" என்பது போன்ற வினா வேறிடங்களில் தேர்வுத்தாளுக்காகக் கட்டப்பட்ட கற்பனையாக இருக்கலாம். இங்கே அது ஒவ்வொரு ஷிப்டிலும் யாரோ ஒருவர் செய்யும் வேலை. ஆகவே பாடநூல் மறைக்கும் சிக்கல்கள் எல்லாம் இங்கே கண்ணுக்குத் தெரியும்.

கவுண்ட் என்பது நூலின் நயத்தைக் குறிக்கும் எண். 840 கெஜ நீளம் கொண்டது ஒரு ஹேங்க். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் எத்தனை ஹேங்க் இருக்கிறதோ அதுவே அந்த நூலின் கவுண்ட். எனவே எண் கூடக் கூட நூல் மெலிதாகும், எண் குறையக் குறைய நூல் தடிக்கும். ஆய்வகத்தில் முழுப் பவுண்டையும் அளப்பதில்லை. ஒன்றரைக் கெஜச் சுற்றளவுள்ள ரேப் ரீலில் 80 சுற்றுச் சுற்றி, 120 கெஜ நீளமுள்ள சிறு கண்டு ஒன்றை எடுத்து நிறுக்கிறார்கள். இதற்கு லீ என்று பெயர். 64.8ஐ லீயின் கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் கிடைக்கும். 40 கவுண்ட் நூலின், அதாவது 40ஆம் நம்பர் நூலின், லீ 1.62 கிராம் இருக்க வேண்டும். லீக்கு லீ இந்த எண் மாறும். அந்த மாறுபாட்டின் அளவான திட்ட விலக்கம், கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக, இங்கே 0.8 கவுண்ட் என்று கொள்ளப்படுகிறது. அதாவது சராசரியில் 2 விழுக்காடு. பதினாறு லீக்கள் எடுத்தால் அவற்றின் சராசரி எவ்வளவு ஊசலாடும் என்பதைச் சொல்லும் திட்டப் பிழை, 0.8ஐப் பதினாறின் வர்க்கமூலமான 4ஆல் வகுக்க வரும் 0.2.

வழக்கமான பாடத்தின்படி முதலில் இன்மை எடுகோள் எழுதப்படுகிறது. மாற்றம் ஏதுமில்லை, சராசரி 40தான் என்பது அதன் பொருள். அதற்கு எதிரே நிற்பது மாற்று எடுகோள். சராசரி 40 அல்ல என்று அது சொன்னால் இருமுனைச் சோதனை, 40ஐ விடக் குறைவு என்றோ மிகுதி என்றோ திசை காட்டினால் ஒருமுனைச் சோதனை. இரண்டில் எதைத் தேர்வது என்பதற்குப் பாடநூல் தரும் வழிகாட்டல், வினாவில் "வேறுபடுகிறதா" என்ற சொல் இருக்கிறதா, "குறைவா" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. சொல்லைத் தேடுவது தேர்வு எழுதும் உத்தி. சோதனையை அமைக்கும் முறை அன்று. பதினாறு லீக்களின் சராசரி 39.6 என்று வந்ததாகக் கொண்டால், 40இலிருந்து அதன் விலகலான 0.4ஐத் திட்டப் பிழையால் வகுக்க டி-மதிப்பு 2.0 ஆகிறது. லீக்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைய வரும் 15 என்ற கட்டின்மைக் கூறுக்கு, 5 விழுக்காட்டு மிகைகாண் நிலையில், அதாவது சரியான கூற்றைத் தவறாக நிராகரிக்கும் வாய்ப்பு 5 விழுக்காடாக இருக்கும்படி, இருமுனைச் சோதனையின் எல்லை 2.131, ஆகவே ஆலையின் கூற்று தப்புகிறது. ஒருமுனைச் சோதனையின் எல்லை 1.753, ஆகவே கூற்று நிராகரிக்கப்படுகிறது. நூல் ஒன்று, எண்கள் ஒன்று, சூத்திரம் ஒன்று, தீர்ப்புகள் இரண்டு. கணக்கே சோதனை என்பவர்கள் இந்த இடத்தில் எந்தத் தீர்ப்பு சரி என்று சொல்ல முடியாது. ஏனெனில் விடை எண்களில் இல்லை.

அது கேட்பவரிடம் இருக்கிறது. நூல் கிலோக் கணக்கில் விற்கப்படுவதால், தடித்த நூலை வாங்கும் திருப்பூர் பின்னலாடைக்காரருக்கு அதே பணத்துக்குக் குறைந்த நீளமே கிடைக்கிறது. 40 என்று சொல்லி 39 கொடுத்தால் இழப்பு அவருடையது, ஆகவே அவருடைய கேள்வி ஒரு திசையை மட்டும் நோக்கியது. ஆலையின் ஸ்பின்னிங் மாஸ்டருக்கோ இரு பக்கமும் குற்றமே. தடித்தால் வாங்குபவரின் புகார், மெலிந்தால் நூலின் வலுக் குறைந்து இழை அறுந்து, நூற்கும் இயந்திரமான ரிங் ஃபிரேமில் ஓட்டம் கெடும், கிலோக் கணக்கில் உற்பத்தியும் குறையும். அவருடைய கேள்வி இருமுனை. ஒரே கூடத்தில் ஒரே நூலைப் பற்றி இருவர் இரண்டு சோதனைகளை நடத்துவதில் முரண் எதுவும் இல்லை. முரண் வருவது, 39.6 என்ற எண்ணைக் கண்ட பிறகு, நிராகரிப்பு வேண்டுபவர் ஒருமுனையையும் தப்பிக்க வேண்டுபவர் இருமுனையையும் எடுத்துக்கொள்ளும்போது. எண்ணைப் பார்த்தபின் திசையைத் தேர்பவர் 5 விழுக்காட்டுப் பிழை என்று எழுதிவிட்டு உண்மையில் 10 விழுக்காட்டுப் பிழைக்கு இடம் கொடுக்கிறார். மேலே விலகினால் மேல்முனை, கீழே விலகினால் கீழ்முனை என்று இரு பக்கமும் ஐந்தைந்தாக அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

முழுமைத்தொகுதி எது என்ற கேள்வியைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆலையில் மிக அதிகமான தவறு நிகழ்வது அங்கேதான் என்பதால் அதன்மேல் சற்று நிற்க வேண்டும். "இந்த ஆலையின் 40ஆம் நம்பர் நூல்" என்பது தொகுதியின் வரையறை ஆகாது. திருப்பூருக்கு நேற்று ஏற்றிய மூட்டைகளில் உள்ள நூலா, இந்த வாரம் எல்லா ரிங் ஃபிரேம்களும் நூற்கும் நூலா, இப்போதைய பல்சக்கர அமைப்பில் ஒரு குறிப்பிட்ட ஃபிரேம் இனிமேல் நூற்கப்போகும் நூலா என்பவை மூன்று வெவ்வேறு தொகுதிகள். முதலாவதுக்கு மூட்டைகளில் உள்ள கோன்களிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். இரண்டாவதுக்கு எல்லா ஃபிரேம்களும் எல்லா ஷிப்டுகளும் இடம்பெற வேண்டும். மூன்றாவதோ இன்னும் பிறக்காத நூல், அதற்கு இன்றைய லீக்கள் நாளைய லீக்களுக்குப் பதிலாளாக நிற்கத் தகுதியுடையவை என்ற கூடுதல் நம்பிக்கை தேவை. இன்மை எடுகோள் சரியாக இருந்தால் இவ்வளவோ இதற்கு மேலோ விலகல் வருவதற்கான வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாது.

தொகுதியை வரையறுத்த பிறகும் மாதிரியின் அலகு எது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் ஓடும் ரிங் ஃபிரேமில், ஒவ்வொரு கதிரிலும் நூல் சுற்றி நிரம்பும் காப்கள் டாஃப் நேரத்தில் கழற்றப்படுகின்றன. ஆய்வகத்துக்கு நான்கு காப்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலிருந்தும் தொடர்ந்து நான்கு லீக்களைச் சுற்றினால் பதினாறு லீக்கள் கிடைக்கும். மென்பொருளில் பதினாறு எண்கள் ஏறும். திட்டப் பிழை 0.2 என்று அது சொல்லும். இந்த 0.2 பொய். ரிங் ஃபிரேமில் பஞ்சை நீட்டி மெலிதாக்கும் இழுவை 30 மடங்கு என்று கொண்டால், 120 கெஜம், அதாவது சுமார் 110 மீட்டர் நூல், ஏறத்தாழ மூன்றே முக்கால் மீட்டர் ரோவிங்கிலிருந்து வருகிறது. ரோவிங் என்பது சிம்ப்ளக்ஸ் இயந்திரம் லேசாக முறுக்கித் தரும் தடித்த பஞ்சுத் திரி. ஒரு காப்பின் நான்கு லீக்களும் சேர்ந்து பதினைந்து மீட்டருக்கும் குறைவான ரோவிங். சிம்ப்ளக்ஸில் இழுவை பத்து மடங்கு என்று கொண்டு இன்னும் ஒரு படி பின்னால் சென்றால், அவை டிராயிங் இயந்திரம் கேனில் இறக்கும் முறுக்கில்லாத பஞ்சுத் திரியான ஸ்லைவரில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த ஒன்றரை மீட்டர் தடித்திருந்தால் நான்கு லீக்களும் சேர்ந்தே தடிக்கும். நான்கு சாட்சிகள் என்று எண்ணப்பட்டது ஒரே சாட்சியின் நான்கு முறை சொல்லப்பட்ட வாக்குமூலம்.

இதன் விளைவையும் கணக்கிட்டுவிடலாம். மொத்த மாறுபாட்டில் பாதி காப்புக்குக் காப் ஏற்படுவது என்றும் மீதிப் பாதி காப்பின் உள்ளேயே ஏற்படுவது என்றும் கொண்டால், பதினாறு லீக்கள் தரும் தகவல் ஒன்றையொன்று சாராத ஆறு லீக்கள் தரும் தகவலை விடச் சற்றே கூடுதல்; உண்மையான திட்டப் பிழை 0.32ஐ ஒட்டியது. சராசரி 39.6க்குப் பதில் 39.5 என்று வந்தாலும், மென்பொருள் டி-மதிப்பு 2.5 என்று சொல்லி இருமுனையிலும் நிராகரிக்கும் அந்த நூலுக்கு, சரியான டி-மதிப்பு 1.6ஐக் கூட எட்டாது. நான்கு காப்களுக்கு உரிய கட்டின்மைக் கூறு 3 மட்டுமே என்பதால் தாண்ட வேண்டிய எல்லையோ 3.182. பதினாறு காப்களிலிருந்து ஒவ்வொரு லீ எடுத்திருந்தால், அதே உழைப்பில், இந்த இழப்பு நேர்ந்திராது. கூடுதலாகத் தேவைப்பட்டது கூடத்துக்குள் சற்று நடை. நடைபாதையை ஒட்டிய ஓரத்துக் கதிர்களிலிருந்து கைக்கெட்டியதை எடுக்காமல், எந்த ஃபிரேமின் எத்தனையாவது கதிர் என்பதை வாய்ப்பு எண் அட்டவணை வழியே முன்கூட்டியே குறித்துக்கொண்டு செல்வதும் அந்த நடையின் பகுதி.

சூத்திரத்தின் கண்ணுக்கு அறவே படாத இன்னொரு பிழை ஈரப்பதம். பஞ்சு காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும். பருத்தி நூலின் வணிக எடைக்கு 8.5 விழுக்காடு ஈர ஏற்பு என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு, ஆய்வகக் காற்றின் ஈரப்பதமும் 65 விழுக்காட்டில் நிறுத்தப்பட வேண்டும். சித்திரை வெயிலில் உலர்ந்த காற்றில் கிடந்து 6.5 விழுக்காடு ஈரமே கொண்ட லீயை அப்படியே நிறுத்தால், எடை குறைந்து, உண்மையில் 40 கவுண்ட் உள்ள நூல் 40.75 என்று தெரியும். முக்கால் கவுண்ட் என்பது பதினாறு லீக்களின் திட்டப் பிழையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. லீக்களின் எண்ணிக்கையைப் பதினாறிலிருந்து நூற்றறுபதாக உயர்த்தினால் இந்தப் பிழை ஒரு துளியும் குறையாது. திட்டப் பிழை சுருங்குவதால் தவறான முடிவின் மேல் உறுதி மட்டும் பெருகும். சோதனையை அமைக்கும் தாளில் "லீக்கள் இத்தனை மணி நேரம் பதப்படுத்தப்படும்" என்ற ஒரு வரி, மென்பொருள் அச்சிடும் எந்த எண்ணை விடவும் இங்கே மதிப்புடையது.

இவ்வளவு முக்கியமானவற்றை ஒரு வரியில் கடந்துவிடும் பாடமுறை, மாதிரி 30ஐத் தாண்டினால் இசட்-சோதனை, தாண்டாவிட்டால் டி-சோதனை என்ற விதிக்கு மட்டும் பக்கங்களை ஒதுக்குகிறது. முழுமைத்தொகுதியின் திட்ட விலக்கம் முன்பே தெரிந்திருந்தால் இசட், மாதிரியிலிருந்தே மதிப்பிட வேண்டியிருந்தால் டி என்பதே அடிப்படை. 30 என்ற எண்ணில் இயற்கையின் கட்டளை எதுவும் இல்லை. கட்டின்மைக் கூறு 30 ஆகும்போது டி-எல்லை 2.042, இசட்-எல்லை 1.96, இடைவெளி 4 விழுக்காடு. அச்சு அட்டவணைகளைப் புரட்டிய காலத்தில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டார்கள். இன்று கைப்பேசியே துல்லியமான டி-மதிப்பைத் தரும்போது அந்த விதியை மனனம் செய்விப்பதற்கு வழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. டி-பரவலைத் தந்த வில்லியம் சீலி காசெட், டப்ளினில் இருந்த கின்னஸ் மதுபான ஆலையில் 1899இல் வேலைக்குச் சேர்ந்தவர், 1908இல் பயோமெட்ரிகா இதழில் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் எழுதியவர் என்பதை மாணவர்களுக்குச் சுவைக்காகச் சொல்வதுண்டு. அவர் ஏன் அதைத் தேடினார் என்பதைச் சொன்னால் இன்னும் பயன்படும். பார்லி, மால்ட், ஹாப் ஆகியவற்றில் ஒவ்வொரு சோதனைக்கும் காசும் காலமும் செலவாகும் என்பதால் சிறு மாதிரிகளோடு மட்டுமே வேலை செய்ய வேண்டியிருந்தது. எத்தனை அளவீடு கட்டுப்படியாகும் என்ற ஆலைக் கேள்வியே அந்தப் பரவலுக்குத் தாய்.

அடுத்தது, தப்பிய எடுகோளை நிறுவப்பட்ட எடுகோளாகக் கொள்ளும் பழக்கம். 39.6 கிடைத்து, இருமுனைச் சோதனையில் நிராகரிப்பு நிகழாதபோது, "ஆகவே சராசரி 40 என்பது ஏற்கப்படுகிறது" என்று விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. அதே எண்களிலிருந்து 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியை, அதாவது இந்த அளவீடுகளோடு ஒத்துப்போகும் சராசரிகளின் எல்லையைக் கணக்கிட்டால் அது 39.17இலிருந்து 40.03 வரை நீள்கிறது. 40 அதற்குள் இருக்கிறது, ஆனால் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது, 39.2உம் அதற்குள்ளேதான் இருக்கிறது. 40ஐ ஏற்பவர் அதே மூச்சில் 39.2ஐயும் ஏற்க வேண்டும். மாதிரியைச் சுருக்கிக்கொண்டே போனால் இந்தப் பழக்கம் நகைப்புக்கு இடமாகிறது. நான்கு லீக்கள் மட்டும் எடுத்தால் திட்டப் பிழை 0.4, எல்லை 3.182, மாதிரிச் சராசரி 40இலிருந்து 1.27 கவுண்டுக்கு மேல் விலகினால் ஒழிய நிராகரிப்பு இல்லை. நல்ல நூல் என்று பெயர் எடுக்க விரும்பும் ஆலைக்குக் குறைவாக அளப்பதே குறுக்குவழி ஆகிவிடுகிறது. எதிர்த்திசையிலும் இதே அபத்தம் உண்டு. பல்லாயிரக் கணக்கில் அளவீடுகள் குவிந்தால், பத்தாயிரத்துக்குத் திட்டப் பிழை 0.008 ஆகி, நூலை வாங்குபவருக்கோ நெய்பவருக்கோ தெரியவே தெரியாத 0.02 கவுண்ட் விலகலும் "மிகைகாண் வேறுபாடு" என்று முத்திரை பெறும்.

எவ்வளவு விலகல் பொருட்படுத்தத் தக்கது என்பதை முன்கூட்டியே சொல்லாத சோதனைக்கு இந்த இரு அபத்தங்களிலிருந்தும் மீட்சி இல்லை. அந்த அளவை எங்கிருந்து பெறுவது என்று கேட்பவர்களுக்கு இயந்திரமே விடை சொல்கிறது. பல்சக்கரம் மாற்றிக் கவுண்டைத் திருத்தும் ஃபிரேமில், இழுவையை முடிவு செய்யும் சேஞ்ச் பினியனுக்கு 50 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் கூட்டினாலோ குறைத்தாலோ இழுவை 2 விழுக்காடு மாறும். 40ஆம் நம்பர் நூலில் அது 0.8 கவுண்ட். இதைவிடச் சிறிய திருத்தம் அந்த ஃபிரேமில் இல்லை. உண்மை விலகல் 0.4க்குக் குறைவாக இருக்கும்போது ஒரு பல்லை மாற்றினால், நூல் 40ஐத் தாண்டி மறுபக்கம் இன்னும் தொலைவுக்குப் போய்விடும், 0.4க்கு மேல் விலகியிருந்தால்தான் மாற்றுவதில் பயன். ஆகவே கண்டறிய வேண்டிய விலகல் 0.4. எந்தப் பாடநூலின் பின்னிணைப்பிலும் இந்த எண் அச்சிடப்பட்டிருக்காது. உண்மையிலேயே 0.4 விலகிய நூலைப் பதினாறு லீக்கள் பிடிக்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. ஐந்தில் நான்கு தடவையாவது பிடிக்க வேண்டுமானால், ஒன்றையொன்று சாராத 34 லீக்கள் வேண்டும். விலகிய நூலை விட்டுவிடும் இந்தத் தவறுக்கு இரண்டாம் வகைப் பிழை என்று பெயர். சரியான நூலைக் குற்றம் சாட்டுவது முதல் வகை. 1933இல் ஜெர்சி நெய்மனும் ஈகோன் பியர்சனும் சோதனைக் கோட்பாட்டை வகுத்தபோது, இவ்விரு பிழைகளையும் அவற்றின் விளைவுகளோடு எடைபோட்டுச் சமன் செய்யும் பொறுப்பைச் சோதனையாளரிடமே விட்டனர். 5 விழுக்காட்டைப் பரப்பியவராகக் கருதப்படும் ஃபிஷர் கூட, எல்லாச் சூழலுக்கும் ஒரே மிகைகாண் நிலையை ஓர் ஆய்வாளர் நிலையாகப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தம் பிற்காலத்தில் ஏற்கவில்லை. ஃபிஷர், நெய்மன்-பியர்சன் என்ற இருவேறு பள்ளிகள் காலமெல்லாம் சண்டையிட்ட கருத்துகளை ஒட்டுப்போட்டு, இரு தரப்பும் ஒப்பாத ஒரு சடங்கைப் பாடநூல்கள் அவர்கள் பெயரால் நடத்திக்கொண்டிருக்கின்றன.

நூல் சரியாக இருக்கிறது என்பதை நிறுவுவதே நோக்கமானால், சோதனையைத் தலைகீழாக அமைக்க வேண்டும். சராசரி 40இலிருந்து 0.4 அல்லது அதற்கு மேல் விலகியிருக்கிறது என்பதையே இன்மை எடுகோளாக வைத்து, அதை நிராகரிக்கும் சுமையை ஆலையின்மேல் ஏற்ற வேண்டும். இரு ஒருமுனைச் சோதனைகளால் இதைச் செய்யும் முறையை டொனால்ட் ஷூயர்மன் 1987இல் விளக்கினார்; அசல் மருந்துக்கு இணையானது என்று ஒரு மருந்தை நிறுவ அது இன்றும் பயன்படுகிறது. இங்கே குறைவாக அளந்தவருக்கு நற்சான்று கிடைக்காது. சான்றிதழ் கேட்பவர் அளக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது வணிக நியாயத்துக்கும் ஒத்தது.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்றுக்கு விடை சொல்லாமல் இருப்பது முறையாகாது. திசை, அளவு, அலகு என்று எல்லாவற்றையும் ஆளுக்கு ஆள் தீர்மானிக்க விட்டால் சோதனை என்பதே தன்னிச்சை ஆகிவிடும், எல்லாருக்கும் பொதுவான 5 விழுக்காடும் பொதுவான சூத்திரமும் அந்தத் தன்னிச்சையைத் தடுக்கும் வேலிகள் என்று அவர்கள் சொல்வார்கள். வேலி வேண்டும் என்பது சரி. அது நடப்பட்டிருக்கும் இடம்தான் தவறு. விரும்பிய முடிவைப் பெற விரும்புபவர் சூத்திரத்தைத் திருத்துவதில்லை. அவர் பிடிக்காத லீயை "ரீலில் சரியாகச் சுற்றவில்லை" என்று ஒதுக்குவார், சாதகமான எண் வரும்வரை இன்னும் இரண்டு லீ எடுப்பார், ஒருமுனையா இருமுனையா என்பதைக் கடைசியில் எழுதுவார். இத்தனைக்குப் பிறகும் 5 விழுக்காடும் சூத்திரமும் கெடாமல் இருக்கும். கை வைக்கப்படும் இடங்கள் எல்லாம் கணக்குக்கு முன்னால் உள்ளவை, ஆகவே கட்டப்பட வேண்டியவையும் அவையே. லீ சுற்றும் முன் தேதியிட்டு எழுதப்பட்ட ஒரு தாள், எந்த அட்டவணையை விடவும் இறுக்கமான வேலி. பி-மதிப்பு ஓர் எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றும், ஓர் எடுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவை அது அளப்பதில்லை என்றும் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளிப்படையாக அறிவிக்க நேர்ந்ததற்குக் காரணம், வேலி இல்லாத பக்கமாகவே ஆடு மேய்ந்துகொண்டிருந்ததுதான்.

ஆலைக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற நடைமுறை வாதமும் உண்டு. நேரம் இல்லாத ஆலைக்கு அன்றாட மிகைகாண் சோதனையே பொருந்தாது என்பது அதற்கு விடை. இருபது ஃபிரேம்களையும் நாள்தோறும் 5 விழுக்காட்டு நிலையில் தனித்தனியே சோதித்தால், எல்லா ஃபிரேம்களும் சரியாக ஓடும் நாளிலும் குறைந்தது ஒன்றாவது குற்றவாளியாகும் வாய்ப்பு 64 விழுக்காடு. இயந்திரத்தைத் திருத்தும் ஃபிட்டர் குற்றமற்ற பினியனைக் கழற்றிக்கொண்டே இருப்பார். இதை அறிந்தே வால்டர் ஷூவார்ட், 1924இல் பெல் நிறுவனத்துக்காக வடிவமைத்த கட்டுப்பாட்டு வரைபடத்தில், எல்லைக்கோடுகளை மூன்று திட்டப் பிழைத் தொலைவில் வைத்தார். அங்கே பொய் எச்சரிக்கையின் வாய்ப்பு பத்தாயிரத்துக்கு 27. மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் ஷூவார்ட்டை 1947-48இல் இந்தியாவுக்கு அழைத்ததும் ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டுக்காகத்தான். அன்றாடக் கண்காணிப்புக்கு வரைபடம், சச்சரவு எழும்போது முறையாக அமைக்கப்பட்ட சோதனை என்று இரண்டையும் பிரித்துக்கொண்டால் நேரம் மிச்சமாகும்.

தேர்வுத்தாளிலும் இதற்கு ஏற்ற வினா வைக்க முடியும், அதில் அளவீடு ஒன்றுகூடத் தரப்பட வேண்டியதில்லை. மூன்று ஷிப்டுகளில் இருபது ரிங் ஃபிரேம்கள் 40ஆம் நம்பர் நூலை நூற்கின்றன, சென்ற வாரம் அனுப்பிய நூல் தடித்திருப்பதாகத் திருப்பூரிலிருந்து புகார், மீதி மூட்டைகள் இன்னும் கிடங்கில் இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டு, ரேப் ரீலைத் தொடுமுன் ஆலையும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டிய ஒரு பக்க ஒப்பந்தத்தை எழுதச் சொல்லலாம். தொகுதி எது, கோன்கள் எப்படித் தெரிவு செய்யப்படும், எவ்வளவு விலகினால் இழப்பீடு, எத்தனை லீ, எந்தத் திசை, ஈரம் எப்படிச் சீராக்கப்படும், கெட்ட லீ என்று எதை ஒதுக்கலாம் என்பவற்றுக்குப் பத்தில் ஒன்பது மதிப்பெண்கள். மீதி ஒரு மதிப்பெண், டி-மதிப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை எழுதுபவருக்கு.